தஃப், தாயிரா, நம் பிள்ளைகள்



பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் சுற்றறிக்கைகளில் பெரும்பாலானவற்றை நாம் சரியாகப் படிக்காமலேயே கையொப்பமிட்டு அனுப்பிவிடுகிறோம். ஆனால் ‘உலக மக்களின் மரபு இசைக்கருவிகள்: ஒருநாள் கூட்டுப் பயிற்சி’ என்று ஒன்று வந்தால் மட்டும் நம் வீடுகளில் பேனா நின்றுவிடுகிறது. ஆலிம்சாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வாப்பா எழுந்து போகிறார். எல்லாப் பிள்ளைகளும் போகும்போது நம் பிள்ளை மட்டும் வகுப்பில் தனியே உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று உம்மா கேட்கிறார். இதெல்லாம் நம் காலத்தில் இல்லையே என்கிறார் வீட்டுப் பெரியவர். முடிவு ஏற்படுவதற்குள் கடைசித் தேதி கடந்துவிடுகிறது. அல்லது, பிள்ளையே வாப்பாவின் கையொப்பத்தைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறது. இரண்டுமே நல்லதன்று. ஆகவே இது குறித்து நிதானமாகப் பேசிப் பார்ப்போம்.

அந்தப் பயிற்சியில் நடப்பது என்ன? முப்பது நாற்பது பிள்ளைகள் வட்டமாக அமர்கிறார்கள். பெரும்பாலும் ஒவ்வொருவர் முன்னும் ஜெம்பே என்னும் மேற்கு ஆப்பிரிக்க முழவு ஒன்று இருக்கும். ஒற்றை மரக்கட்டையைக் கிண்ண வடிவில் குடைந்து, ஆட்டுத்தோல் போர்த்திக் கயிற்றால் இறுக்கிய கருவி அது. உள்ளங்கையைத் தோலின் நடுவில் பதித்தால் ஆழ்ந்த ஒலி. விரல்களைச் சேர்த்து விளிம்பில் தட்டினால் தெளிந்த ஒலி. விரல்களைத் தளர்த்தி வீசினால் சுள்ளென்ற ஒலி. இம்மூன்றும் சிறிது நேரத்திலேயே கைக்கு வந்துவிடும். கடினம் அதற்குப் பிறகுதான். பாதிப்பேர் ஒரு தாளத்தைத் தளராமல் பிடித்துக்கொண்டிருக்க, மீதிப்பேர் அதன் இடைவெளிகளில் வேறொன்றை வைக்க வேண்டும். பக்கத்துப் பிள்ளையின் கையைக் கூர்ந்து கேட்காத பிள்ளையால் அங்கே எதுவும் செய்ய இயலாது. எப்போதும் முந்திக்கொள்ளும் பிள்ளை காத்திருக்கிறது; வாய் திறவாத பிள்ளையின் அடி இல்லாவிட்டால் வட்டமே தடுமாறுகிறது. இந்தப் பயனை நாம் மறுப்பதற்கில்லை.

அக்கருவிகளின் ஊரைக் கேட்டால் நம்மில் பலர் வியப்படைவர். ஜெம்பே பிறந்த மாண்டே மக்களின் மாலியும் கினியாவும் முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் நாடுகள். அதே மக்களின் இருபத்தொரு நரம்புக் கருவியாகிய கோராவை இசைத்து, 2024இல் மறைந்த துமானி ஜபாத்தே போன்றோர் பரம்பரைப் பாணர் குடும்பத்து முஸ்லிம்களே. அரபுலகின் ‘அல்-ஊத்’ என்னும் சொல்லிலிருந்தே ஐரோப்பாவின் லூட் பெயர் பெற்றது. நம்மூர்த் தர்காக்களிலும் பள்ளிவாசல்களிலும் ஒலித்த நகராவின் பெயர்தான் சிலுவைப் போர்க் காலத்தில் ஐரோப்பியப் படைகளோடு மேற்கே சென்று அங்கே ஒரு முழவின் பெயராகத் தங்கியது. எனினும், முஸ்லிம்கள் வாசித்தார்கள் என்பதாலேயே ஒன்று ஆகுமானதாகிவிடாது. பெருமை வேறு, மார்க்கச் சட்டம் வேறு. பெருமையைச் சான்றாகக் காட்டுவோரின் வாதம் முதல் கேள்வியிலேயே உடைந்துபோவதைக் கண்டிருக்கிறோம்.

எனவே சட்டத்துக்கு வருவோம். இசைக்கருவிகளைத் தடுப்போர் வெறும் வறட்டுப் பிடிவாதத்தால் தடுக்கவில்லை. மது, பட்டு, விபசாரம் ஆகியவற்றோடு இசைக்கருவிகளையும் ஆகுமாக்கிக்கொள்ளும் ஒரு கூட்டம் வரும் என்னும் நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றிருக்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடரை இப்னு ஹஸ்ம் (ரஹ்) குறைகூறினார். இப்னு ஹஜர் (ரஹ்) அதற்கு விரிவாக விடையளித்தார். இடையனின் குழலோசை கேட்டு இப்னு உமர் (ரலி) தம் காதுகளில் விரல்களை வைத்துக்கொண்டு வழிமாறிச் சென்ற செய்தி அபூதாவூதில் உள்ளது. அதையும் இரு தரப்பினரும் தத்தமக்குச் சான்றாக எடுத்துக்கொள்கின்றனர். உடனிருந்த நாஃபிஉவைக் காதை மூடுமாறு அவர் ஏவவில்லையே என்று ஒரு தரப்பு கேட்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் இந்த ஆய்வைப் பள்ளிக்கூடச் சுற்றறிக்கையின் ஓரத்தில் நாம் முடித்துவிட முடியாது.

ஆனால் தஃப் அப்படிப்பட்டதன்று. நம் கடற்கரை ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்றான ‘மின்ஹாஜ்’, திருமணத்துக்கும் கத்னாவுக்கும் தஃப் ஆகும் என்கிறது. அவையல்லாத மற்றத் தருணங்களுக்கும், அதில் சலங்கைத் தகடுகள் இருந்தாலும் கூட, ஆகும் என்பதே ஏற்புடைய கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதுகிறார். இசையில் தாராளம் காட்டியவரல்லர் அவர். இமாம் ராஃபிஈ (ரஹ்) ஆகுமென்று கருதிய குழலையே கூடாதென்று முடிவு செய்தவர். இடை சிறுத்த நீள் முழவையும் அதே இடத்தில் தடுத்தவர். அத்தகையவர் தஃபுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. ஹனஃபீ மத்ஹபில் வாயில் இதைவிடக் குறுகலானது; சலங்கையில்லாத தஃப், திருமண அறிவிப்பு என்ற அளவில் பல அறிஞர்கள் நின்றுவிடுகின்றனர். ஆயினும் பிற்கால ஹனஃபீ மேதை திமிஷ்கின் இப்னு ஆபிதீன் (ரஹ்), ரமளானில் தூங்குவோரைச் சஹருக்கு எழுப்ப அடிக்கும் முழவைப் பற்றித் தம் ‘ரத்துல் முஹ்தா’ரில் தனியே குறிப்பிட்டு, குளியல் விடுதியின் ஊதுகுழலைப் போல அதுவும் ஆகுமானதாக இருத்தல் வேண்டும் என்று கருதுகிறார். திமிஷ்கின் தெருவில் அவர் காதில் விழுந்த ஓசையைத்தான் நம் பாட்டன்மார் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கேட்டு விழித்தார்கள்.

நாம் நெடுநாளாக எண்ணிப் பார்த்துவரும் நபிமொழி ஒன்று உண்டு. ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் திருமணத்தன்று நபி (ஸல்) அவர்கள் அவருடைய இல்லத்துக்கு வருகிறார்கள். சிறுமியர் தஃப் அடித்துக்கொண்டு, பத்ரில் உயிர்நீத்த தம் முன்னோரை நினைத்துப் பாடிக்கொண்டிருக்கின்றனர். அப்போது ஒரு சிறுமி பாட்டை மாற்றி, நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடையே இருக்கிறார் என்ற பொருளில் ஒரு வரி பாடிவிடுகிறாள். அதை விட்டுவிட்டு முன்பு பாடிக்கொண்டிருந்ததையே பாடுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறுகிறார்கள். புகாரியில் உள்ள செய்தி இது.

திருத்தப்பட்டது எது என்று பாருங்கள். ஒரு வரி. அதுவும் மறைவான ஞானம் அல்லாஹ்வுக்கே உரியது என்னும் ஈமானின் அடித்தளத்தைத் தொடும் வரி. அவ்வளவு பெரிய பிழை நேர்ந்தும் தஃப் சிறுமியரின் கையிலிருந்து பறிக்கப்படவில்லை, பாட்டு நிறுத்தப்படவில்லை, சிறுமி கடிந்துகொள்ளப்படவும் இல்லை. சொல்லும் கருவியும் தனித்தனியே எடைபோடப்பட்டன. நம் ஊர்களிலோ கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாக நாம் இதற்கு நேர்மாறாகச் செய்து வந்திருக்கிறோம் என்பதே இங்குச் சொல்ல வந்தது. பாட்டில் சில வரிகள் பிழை என்று கண்டோம். வரியைத் திருத்தாமல், பாடியவரையும் அவர் கைக் கருவியையும் சேர்த்துத் தெருவை விட்டே அனுப்பிவிட்டோம்.

தாயிராவைத்தான் சொல்கிறோம். வட்டம் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லே அதன் பெயர். மரவளையத்தின் ஒருபுறம் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டிய, தஃபின் குடும்பத்தைச் சேர்ந்த கருவி. ரமளானின் பின்னிரவில் பச்சைத் தலைப்பாகையும் கையில் விளக்குமாக பக்கீர் பாவா தெருமுனையில் திரும்பும்போதே அதன் ஒலி வீட்டுக்குள் வந்துவிடும். வீட்டுக்காரரின் பெயர் சொல்லி எழுப்புவார். நபிமார் கிஸ்ஸாக்களையும், முனாஜாத்துகளையும், குணங்குடியார் பாடல்களையும் ஏட்டைப் பாராமல் பாடுவார். எழுத்தறியாத எத்தனையோ உம்மாமார் யூசுஃப் நபியின் வரலாற்றையும் அய்யூப் நபியின் பொறுமையையும் முதன்முதலில் கேட்டது அந்த வாயிலிருந்துதான். பெருநாள் காலையில் வருவார். அரிசியும் சில்லறையும் கொடுப்போம். அவர் கலைஞர் என்றோ ஆசிரியர் என்றோ நமக்குத் தோன்றியதே இல்லை. வாசலில் நிற்பவர் என்று மட்டுமே தோன்றியது.

இன்று சஹருக்குக் கைப்பேசி எழுப்புகிறது. பாவாக்களின் பிள்ளைகள் பலர் வேறு தொழில்களுக்குப் போய்விட்டார்கள், போனது தவறுமில்லை. வாசலில் நின்று அரிசி வாங்கும் பிழைப்பை மகனுக்கு எந்தத் தகப்பன் விரும்புவான்? ஆனால் அந்த மூத்தவர்களோடு போய்க்கொண்டிருப்பது தோலை இழுத்துக் கட்டும் முறை, பைத்துக்கொரு தாளம், கிஸ்ஸாவுக்கொரு தாளம், மூச்சு வாங்காமல் நெடுநேரம் பாடும் பயிற்சி. இவை எந்த மதரஸாவிலும் எழுதி வைக்கப்படவில்லை. இதற்கிடையில் நம் பிள்ளை பள்ளிக்கூடத்தில் கட்டணம் செலுத்தி ஆப்பிரிக்க முழவு கற்றுவிட்டு வருகிறது. கற்கட்டும். நம் மனத்தை உறுத்துவது, வட்ட முழவுகளின் உலக வரைபடத்தை அப்பயிற்சியாளர் விரிக்கும்போது, ஈரானியக் குர்துகளின் வளையங்கள் கோத்த தஃப், மக்ரிபின் பெந்திர், எகிப்தின் ரிக், மலாய் மக்களின் கொம்பாங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி இருக்கிறது. நம் தெருவின் தாயிரா அவ்வரைபடத்தில் இல்லை. நம் பிள்ளையும் கை தூக்கி அதைச் சொல்வதில்லை. அதற்குத் தெரியாது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவினர் இருப்போர் கொம்பாங்கைக் கண்டிருப்பீர்கள். மாப்பிள்ளையை வரவேற்க இளைஞர்கள் ஒரு கூட்டமாக நின்று அடிப்பது. அதன் நுட்பமே பின்னலில் இருக்கிறது. ஒரு பிரிவினர் விடும் இடைவெளியை இன்னொரு பிரிவினர் நிரப்புகின்றனர். முழுத் தாளத்தையும் எந்தத் தனியொருவரும் அடிப்பதில்லை. ஆகவே அதைத் தனியாகக் கற்கவும் முடியாது. கூட்டமாகக் கூடினால்தான் கலையே உண்டு. கூடுவதற்குத் திருமணங்கள் இருக்கின்றன. எனவே கலை இருக்கிறது.

கேரளத்தின் வழி வேறு. ராத்திபு மஜ்லிஸ்களிலும் நேர்ச்சைகளிலும் வளர்ந்த தஃப்முட்டும் அறபனமுட்டும் இன்று மாநிலப் பள்ளிக் கலோத்சவத்தின் போட்டிக் கலைகளாக இருக்கின்றன. ஆண்டுதோறும் எத்தனையோ பள்ளிகளின் மாணவர்கள் குழுவாகப் பயிற்சி பெற்று, சலாத்தும் பைத்தும் பாடி மேடையேறுகிறார்கள். முஸ்லிமல்லாத ஆசிரியரும் மாணவரும் கூட இக்கலைகளின் பெயரை இயல்பாகச் சொல்கிறார்கள். கருவி பிழைத்தது. ஆனால் எதிலும் போட்டி நுழைந்தால் வரும் நோய்கள் இதற்கும் வந்தன: மதிப்பெண்ணுக்கான பயிற்சி, வாடகை உடை, முடிவை எதிர்த்து முறையீடு. ஒரே உருப்படியை மாதக்கணக்கில் அடித்துப் பழகும் பிள்ளை அதற்கு மேல் ஒன்றும் அறியாமலே பள்ளியை விட்டு வெளியேறவும் கூடும். நமக்கு அந்த அளவுக்குக் கூட இல்லை என்பதை நினைக்கும்போது இக்குறையைச் சொல்லவும் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்றாலும் நாம் தொடங்குவதானால் போட்டியாக அல்லாமல் கூட்டுப் பயிற்சியாகத் தொடங்குவதே நலம் என்று கருதுகிறோம்.

இப்போது நம்மவரின் ஆட்சேபங்கள் வரும். தாயிரா தர்காவோடும் கந்தூரியோடும் பிணைந்தது, அதை மீண்டும் கொண்டுவருவது அவற்றையும் கொண்டுவருவதாகாதா என்பது முதலாவது. இவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. பாவாக்களின் பாடல்களில் அவ்லியாக்களிடம் நேரடியாகத் தேவை கேட்கும் வரிகள் இருக்கின்றன. நம்மில் பலருக்கு அவை ஏற்புடையன அல்ல. ருபைய்யிஃ (ரலி) அவர்களின் இல்லத்தில் நடந்ததை நாமும் செய்யலாமே! பயிற்சிக்கு முன் ஊர் ஆலிம் ஒருவர் பாவாவோடு அமர்ந்து பாடல்களைத் தெரிவு செய்யட்டும். அல்லாஹ்வின் புகழும், நபிமார் வரலாறும், நற்குணங்களும் பாடும் பைத்துகள் அவரிடமே நிறைய உண்டு. ஏற்க முடியாத வரியை விட்டுவிடலாம். அவரைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது, தஃப் சிறுமியருக்கும் பெண்களுக்கும் அனுமதிக்கப்பட்டதேயன்றி ஆண்களுக்கன்று என்று சில சட்ட அறிஞர்கள் கூறியிருப்பது. உண்மைதான், இக்கருத்து வலுவாகவே இருக்கிறது. நபிமொழிகளில் தஃப் அடிப்போர் பெரும்பாலும் சிறுமியரே. பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் அறையில் பாடியவர்களும் சிறுமியரே. அபூபக்ர் (ரலி) அதட்டியபோது, ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நமது பெருநாள் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அவரைத் தடுத்தார்கள். ஆனால் நம் ஊர்களில் நாம் செய்து வைத்திருப்பதைப் பாருங்கள். ஆண்கள் அடிப்பதைச் சகித்துக்கொண்டு, சான்று மிகத் தெளிவாக இருக்கும் சிறுமியர் கையில்தான் அதைக் கொடுக்காமல் இருக்கிறோம். இதற்கு எந்த மத்ஹபில் ஆதாரம் தேடுவது?

மூன்றாவது ஆட்சேபம் வாயால் சொல்லப்படுவதில்லை. பாவாவிடமா நம் பிள்ளை கற்பது என்னும் முகச்சுளிப்பு அது. அதற்கு நாம் விடை எழுதப் போவதில்லை. நம் திருமண வீடுகளில் பல்லாண்டுகளாக ஹார்மோனியமும் தபேலாவும் குழலும் சேர்ந்த நாகூர் ஹனிஃபா அவர்களின் பாடல்கள் ஒலிபெருக்கியில் முழங்கின. அவர் 2015இல் மறைந்த பின்னும் முழங்குகின்றன. அப்போது எழாத மார்க்கக் கேள்வி, கிழிந்த சால்வையோடு ஓர் ஏழை தாயிராவை எடுக்கும்போது மட்டும் எழுமாயின், அது கருவியைப் பற்றிய கேள்விதானா என்று அவரவர் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பள்ளிக்கூடச் சுற்றறிக்கையை என்ன செய்வது? முழவுகளும் தஃபும் உள்ள பயிற்சியாயின் பிள்ளையை அனுப்புவதில் நமக்குத் தயக்கமில்லை. நரம்புக் கருவியும் குழலும் குறித்து அவரவர் பின்பற்றும் ஆலிமின் வழியில் நடக்கலாம். அனுப்புவதற்கு முன் நேரத்தைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலாயின் ஜுமுஆவுக்குப் பையனை விடுவிக்குமாறு முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிடலாம். நாம் அறிந்தவரை ஆசிரியர்கள் இதற்கு மறுப்புச் சொல்வது அரிது. கடைசி நேரத்தில் சொன்னால்தான் சங்கடம். கருவி எதுவும் வேண்டாம் என்ற நிலைப்பாடுடைய குடும்பத்தாரும் அதைத் தலைகுனியாமல் ஆசிரியரிடம் நேரில் சொல்லட்டும். கைதட்டித் தாளம் காட்டுவது, முழவு எவ்வாறு செய்யப்படுகிறது என்பதைப் பார்த்து எழுதுவது போன்ற பங்குகள் அப்பிள்ளைக்கு இருக்கின்றன. பிள்ளையை வகுப்பில் தனியே உட்கார வைத்துவிட்டுக் காரணத்தை மட்டும் சொல்லாமல் விடுவதுதான் பெருந்தவறு. அந்தத் தனிமையைப் பிள்ளை மார்க்கத்தின் கணக்கில் எழுதிவைத்துக்கொள்ளும்.

நாம் உண்மையில் விரும்புவது இதற்கு அடுத்த படி. கோடை விடுமுறையில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். அஸருக்குப் பின் மஃரிபு வரை. ஜமாஅத் கூடமோ யாரேனும் ஒருவர் வீட்டு முற்றமோ. பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு மூத்த பாவா. சிறுமியருக்குத் தனி நேரம், உடன் உம்மாமார். முதல் நாள் அடிக்கவே வேண்டாம். வளையத்தையும் தோலையும் தொட்டுப் பார்க்கட்டும், பெயர்களைக் கற்கட்டும். இரண்டாம் நாள் ஒரே ஒரு தாளம். மூன்றாம் நாள் பாதிப்பேர் அடிக்க, பாதிப்பேர் பைத்துச் சொல்லட்டும். நான்காம் நாள் பெற்றோர் வந்து கேட்கட்டும். மேடையும் வேண்டாம், கேடயமும் வேண்டாம். பாவாவுக்குக் கொடுப்பதை உறையிலிட்டுக் கொடுங்கள். நகரத்திலிருந்து வரும் பயிற்சியாளருக்குப் பள்ளிக்கூடம் கொடுப்பதற்குக் குறையாமல் கொடுங்கள். பிள்ளைகள் அவரை உஸ்தாத் என்று அழைக்கட்டும்.

பயிற்சிக்குக் கூடத்தைத் தருவோர் ஒரு கரியடுப்பையும் ஓரமாக வைத்துவிடுங்கள். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும். சிறிது அனல் காட்டினால்தான் தாயிரா வாய் திறக்கும். எவ்வளவு தொலைவில் பிடிக்க வேண்டும், எவ்வளவு நேரம் திருப்ப வேண்டும் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.